தரை வழி அத்திம்பேர்

அத்திம்பேருக்குக் ‘கூடாது’ என்ற சொல்லின்மேல் அலாதிப் பிரியம். இதைச் செய்யக் கூடாது என்று யாராவது சொன்னால் மற்றவர்களுக்கு முகம் சுருங்கும், இவருக்கு மலரும். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னவரையே நிதானமாக விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். எங்கே கூடாது, எப்போது கூடாது, யாருக்குக் கூடாது என்று வரிசையாகக் கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் அந்தக் கூடாதில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து கிடைத்திருக்கும்.

அத்திம்பேர் என்பது என் அக்காவின் கணவர். அக்கா ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வாழ்க்கைப்பட்டவள். நான் ரயில்வேயில் குமாஸ்தா, திருச்சி டவுனில் ஜாகை. சனிக்கிழமை சாயங்காலமானால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் கை சாத்தமுதுக்காக, அதாவது ரசத்துக்காகத்தான் வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் அத்திம்பேர் அந்த வாரம் எதில் சந்து கண்டுபிடித்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் போவேன்.

அவருடைய அப்பா கண்டிப்பானவர். சினிமா பார்க்கக் கூடாது என்று பிள்ளைக்குக் கல்யாணமான பிறகும் உத்தரவு போட்டிருந்தார். அத்திம்பேர் அந்த உத்தரவை மீறியதே இல்லை. கொள்ளிடக் கரைப் பக்கம் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டால், கொட்டகைக்கு வெளியே மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து முழுப் படத்தையும் கேட்டுவிட்டு வருவார்.

“பாக்கக் கூடாதுன்னுதானே அப்பா சொன்னார்? கேக்கக் கூடாதுன்னு சொல்லலையே.”

வசனம் ஒன்று விடாமல் ஒப்பிப்பார். கதாநாயகன் எப்படி இருப்பான் என்று மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியாது. அவர் வேலை பார்த்த கம்பெனியில் யாரோ ஒரு நடிகரின் படம் போட்ட காலண்டரைக் காட்டியபோது, இவர் யார், புது மேனேஜரா என்று கேட்டாராம்.

காபி விஷயமும் இப்படித்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் காபி கூடாது என்றார் டாக்டர். அன்று முதல் அத்திம்பேர் தயிர் சாதத்தில் ஒரு பிடியை இலையிலேயே நிறுத்திவைத்தார். காபியை வரவழைத்து, நிதானமாக ஆற்றிக் குடித்துவிட்டு, அப்புறம் அந்தப் பிடியை வாயில் போட்டுக்கொள்வார். டாக்டர் பேச்சை இம்மி பிசகாமல் கேட்கிற நோயாளி ஸ்ரீரங்கம் தீவிலேயே அவர் ஒருவர்தான் என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

இத்தனை பாடுபடுவதற்கு ஒரு பொய் சொல்லிவிட்டுப் போகலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். குளிக்காமல் சமையலறைக்குள் வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“வழி இருக்கறச்சே பொய் எதுக்குடா?” என்றார்.

கோயிலில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு கைங்கர்யம் உண்டு. புறப்பாட்டின்போது பெருமாளைத் தோளில் தூக்கி வருகிற, அதாவது ஸ்ரீபாதம் தாங்குகிற குடும்பங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பல்லக்குக்குத் தோளுக்கினியான் என்று பெயர். அதைத் தூக்கிப் பார்த்தவர் யாரும் வைத்த பெயராக இருக்காது என்பது என் அபிப்பிராயம். அத்திம்பேரின் வலது தோளில் எலுமிச்சை அளவுக்குக் காய்த்துப்போன ஒரு மேடு இருந்தது. சட்டை தைக்கக் கொடுத்தால் தையல்காரர் இரண்டு தோளையும் தனித்தனியாக அளப்பார். காலையில் அரியமங்கலத்தில் இயந்திர உதிரிபாகம் செய்கிற கம்பெனியின் ஆபீஸில் உத்தியோகம், புறப்பாடு இருக்கிற நாளில் இந்தத் தோள். அப்பாவுக்கு முழங்கால் விட்டுப்போனதால் வீட்டில் இவர் ஒருவர்தான் தூக்க வேண்டும். இவர் இல்லாவிட்டால் முறை இவருடைய சித்தப்பா பிள்ளைக்குப் போய்விடும். அந்தப் பங்காளி இதற்காகவே தினமும் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான்.

அறுபதுகளின் முன்பாதியில் இவருக்குப் படிப்பு ஆசை வந்தது. மதராஸில் ஒரு கல்லூரியில் வியாபார நிர்வாகம் என்று இரண்டு வருஷ மேல்படிப்பு ஆரம்பித்திருந்தார்கள். கம்பெனியில் லீவு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். புறப்பாடு இருந்தால் ராத்திரி ரயிலில் வந்து தோள் கொடுத்துவிட்டுத் திரும்புவார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எங்கள் எல்லாரையும் நிர்வாகம் செய்வார். அடுப்புக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் அக்கா எத்தனை நடை நடக்கிறாள் என்று பார்த்து, டின்னை இடம் மாற்றி வைத்தார். அன்று சாயங்காலமே அக்கா இருட்டில் அதில் இடித்துக்கொண்டு, டின்னைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனாள்.

இதற்குள் ஓர் இடி விழுந்தது. முதல் வருஷத்தில் நன்றாகத் தேறியவர்கள் இரண்டாம் வருஷத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம் என்று கல்லூரி அறிவித்தது. அமெரிக்கா, இங்கிலாந்து, மேற்கு ஜெர்மனி என்று மூன்று தேசங்கள். செலவெல்லாம் அவர்களுடையது. தேறியவர்களில் அத்திம்பேர் முதல் ஆள்.

அக்கா வீட்டில் அன்று யாரும் பாயசம் வைக்கவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். கைங்கர்யக் குடும்பங்களில் கடல் தாண்டக் கூடாது. தாண்டினவன் பெருமாளைத் தொடக் கூடாது, தோள் கொடுக்கக் கூடாது. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அவர் அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

“போறதானா போ. திரும்பி வந்து ஸ்ரீபாதம் தாங்கறேன்னு மட்டும் வராதே.”

இவருக்கு இரண்டும் வேண்டும். படிப்பு இல்லாவிட்டால் தூக்கம் வராது, தோள் இல்லாவிட்டால் சோறு இறங்காது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அவர் முகம் என்னவோ மலர்ந்துதான் இருந்தது. ‘கூடாது’ வந்துவிட்டதே!

“ஏம்ப்பா, கப்பல் வேண்டாம். ப்ளேன்ல போனா? கடலைத் தொடவே மாட்டேனே.”

“நீ தொடமாட்டே. ப்ளேனோட நெழல் கடல்மேல விழுமோல்லியோ?”

“ராத்திரி ப்ளேன்ல போறேன். நெழலே விழாது.”

“நெலா இருந்தா விழும்.”

“அமாவாசையா பாத்து டிக்கெட் வாங்கறேன்.”

பெரியவர் ஊஞ்சலை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். ஊஞ்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது கூடத்தில் ஒரு பெரிய அட்லஸ் விரித்துக் கிடந்தது. அத்திம்பேர் அதன்மேல் குப்புறப் படுத்திருந்தார். மூன்று தேசங்களில் அமெரிக்காவுக்குத் தரை வழி கிடையாது. இங்கிலாந்து தீவு. மேற்கு ஜெர்மனி மட்டும் நாம் இருக்கிற அதே நிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“அமிர்தசரஸ், லாகூர், குவெட்டா, ஈரான், துருக்கி, நேரா ஜெர்மனி. எல்லாம் ரயிலும் பஸ்ஸும்தான். கடல்னு ஒண்ணு குறுக்கே வரவே இல்லை, பாரு.”

கம்பெனியில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். பாலக்கரைக்காரர், எல்லாரும் பாய் என்று கூப்பிடுவார்கள். அவர் இதைக் கேட்டுவிட்டு, “ஏன் சார், எங்காளுங்க ஹஜ்ஜுக்கே கப்பல்லதான் போறாங்க. கடலைத் தாண்டினாத்தான் அங்க புண்ணியம். நீங்க என்னடான்னா இப்படிச் சுத்திக்கிட்டுப் போறேங்குறீங்க” என்று சிரித்தாராம். ஆனால் ஈரானில் எந்த ஊரில் என்ன சாப்பிடலாம் என்று தனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சொன்னதும் அவர்தான்.

பெரியவர் முதலில் அட்லஸ் பக்கமே வரவில்லை. இரண்டு நாள் தூரத்திலிருந்து பார்த்தார். மூன்றாம் நாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விரலை வைத்து வழி நெடுக நகர்த்திக்கொண்டே போனவர் துருக்கியில் நிறுத்தினார்.

“இதென்னடா, நீலமா ஒரு கோடு?”

“அது இஸ்தான்புல்கிட்ட ஒரு சின்ன ஜலசந்திப்பா. நம்ம கொள்ளிடம் அகலம்கூட இருக்காது.”

“பாலம் இருக்கோ?”

“இல்லை. படகுதான்.”

“ஜலம் உப்பா, தித்திப்பா?”

அத்திம்பேர் அட்லஸை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். இஸ்தான்புல் தண்ணீர் உப்பா தித்திப்பா என்று ஸ்ரீரங்கத்தில் யாருக்குத் தெரியும்? அக்கம்பக்கத்தில் விசாரித்தார், கல்லூரிப் பேராசிரியர்களை விசாரித்தார். உப்புதான், அதாவது கடல்தான் என்று தெரிந்த அன்று இவர் முகம் போன போக்கைச் சகிக்கவில்லை. ஒரு வாரம் கூடத்தில் அட்லஸ் மூடிக் கிடந்தது.

அதைத் திரும்பத் திறந்தது பெரியவர்தான். அந்த வம்சத்துச் சந்து பார்க்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது.

“ஏண்டா, இந்த மேல்பக்கமாப் போனா என்ன? இங்க நீலமே இல்லையே.”

மேல்பக்கம் என்று அவர் காட்டியது ரஷ்யா. ஈரானின் எல்லையில் ஜுல்ஃபா என்ற ஊரில் ரயில் மாறினால் மாஸ்கோ, அங்கிருந்து போலந்து, அப்புறம் ஜெர்மனி. முழுக்க மண். காஞ்சிபுரத்துக்கு வடக்கே போயிராத பெரியவர் அதற்கப்புறம் கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, பிள்ளை ஜுல்ஃபா வழியாகப் போகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மதராஸில் கடைசி நேர்காணல். மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள், அதில் ஒருவர் வெள்ளைக்காரப் பேராசிரியர். ஜெர்மனியை எதற்காகத் தேர்ந்தெடுத்தாய் என்று கேள்வி. மற்ற மாணவர்கள் தொழில் வளர்ச்சி, நூலகம் என்று சொல்லியிருப்பார்கள். இவர், அங்கேதான் நடந்தே போகலாம் என்றார். சிரித்து முடித்த பிறகு அந்த வெள்ளைக்காரர் வழியைச் சொல்லச் சொன்னாராம். இவர் எந்த ஊரில் எந்த விசா, எங்கே ரயில் தவறினால் எந்த பஸ், எத்தனை பாட்டில் புளிக்காய்ச்சல் என்று சொல்லச் சொல்ல, மூன்று பேரும் மேஜைமேல் சாய்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சீட்டு கிடைத்துவிட்டது.

ஜெர்மனியில் கல்லூரி திறப்பதற்கு வெகு முன்னாலேயே கிளம்பினார். அவலும் மாவடுவும் புளிக்காய்ச்சலுமாக அவர் ஏறியபோது திருச்சி ஜங்ஷனில் அந்தப் பெட்டி முழுக்க நல்லெண்ணெய் வாசனை. அக்கா அழவில்லை. “ரஷ்யாவுல யாராவது மாவடு கேட்டா குடுத்துடாதேள், திரும்பி வரவரைக்கும் வேணும்” என்றாள். வீடு வந்ததும்தான் அழுதாள்.

ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. அதுவரை பங்காளி தோள் கொடுத்தான். நன்றாகத்தான் தூக்கினான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர் மட்டும், தோள் ஏறி இறங்குகிறது, பெருமாளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது என்று வாசலில் நின்று முனகுவார்.

அத்திம்பேர் போன வழியாகவே பட்டத்தோடு திரும்பி வந்தார். இளைத்திருந்தார். ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். காவேரிப் பாலம் வந்ததும் எழுந்து நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். உட்கார்ந்ததும் என் காதோரம் சொன்னார்.

“ஒரு தப்பு நடந்துபோச்சுடா.”

வகுப்போடு ஜெர்மனியின் வடகோடியில் ஒரு தொழிற்சாலை பார்க்கப் போக வேண்டியிருந்தது. இவர் வழக்கம்போலத் தனியாக முன்னால் கிளம்பியிருக்கிறார். முதல் நாள் கண் விழித்துப் படித்த அசதி. ரயிலில் தூங்கி, இறங்க வேண்டிய ஊரைக் கோட்டைவிட்டுவிட்டார். விழித்துப் பார்த்தால் வெளியே ஒரே இருட்டு, ரயில் நின்றிருக்கிறது, ஜனங்கள் இறங்கி ஏதோ படியில் ஏறிப் போகிறார்கள். சுரங்க ஸ்டேஷன் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு காபி குடிக்கலாமென்று இவரும் படியேறியிருக்கிறார். மேலே கதவைத் திறந்தால் நாலு பக்கமும் கடல்.

“ரயிலை அப்படியே கப்பலுக்குள்ள ஓட்டி ஏத்திடறான்டா! டென்மார்க்குக்குப் போற கப்பல்.”

நான் ரயில்வேக்காரன். நம்பவில்லை. நம் தனுஷ்கோடியில்கூட ரயில் கரையோடு நின்றுவிடும், ஆட்கள்தான் இறங்கிக் கப்பல் ஏறியாக வேண்டும். அவர் சத்தியம் செய்த பிறகுதான் நம்பினேன்.

“உடனே என்ன பண்ணினேள்?”

“கீழ ஓடிப்போய் ரயிலுக்குள்ளயே உக்காந்துண்டேன். நான் ரயில்லதானே இருக்கேன்?”

அக்கரை இறங்கியதும் ஸ்டேஷன்காரரிடம் ஜெர்மனிக்குத் தரை வழி கேட்டிருக்கிறார். அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாராம். அது தீவு. பாலங்களால் கோத்த பல தீவுகள், எப்படிச் சுற்றினாலும் கடைசியில் கப்பல்தான். அன்று பகல் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“நானும் தீவுக்காரன்தான்டா. ஆனா எங்க தீவுக்குப் பாலம் இருக்கு. அப்புறம் சாயங்காலக் கப்பல்ல திரும்பினேன். இந்தத் தடவை தூங்கலை. மேல நின்னு முழுக்கப் பாத்துண்டே வந்தேன்.”

“எப்படி இருந்தது?”

“நன்னா இருந்ததுடா” என்றார்.

பஸ் கோபுரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

“யாருக்கும் தெரியாது. வாயைத் தெறக்காதேள்” என்றேன்.

“நானாப் போய்ச் சொல்லப்போறதில்லை. கேட்டா?”

“எப்படிப் போனேன்னுதான் கேப்பா. தரை வழியாப் போனேன்னு சொல்லுங்கோ. அது நெஜம்தானே? ஜெர்மனிக்குத் தரை வழியாத்தானே போனேள்?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் நானும் ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் கைங்கர்யக் குடும்பத்து ஆட்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டார். பங்காளி வீதியெல்லாம் பேசிக்கொண்டு திரிந்ததுதான் காரணம். தரை வழியாகப் போனானாம், யார் கூடப் போய்ப் பார்த்தது என்று கேட்டிருக்கிறான். கூடம் நிறைந்துவிட்டது. அத்திம்பேர் குளித்து, பன்னிரண்டு திருமண் இட்டுக்கொண்டு வந்து கைகட்டி நின்றார். சட்டையில்லாத தோளில் அந்த மேடு ஒரு வருஷத்தில் கொஞ்சம் அமுங்கியிருந்தது.

“எந்த வழியாடா போனே?” என்றார் பெரியவர்.

“தரை வழியாப்பா. ஜுல்ஃபா வழியா.”

“வந்தது?”

“ஜெர்மனியிலேர்ந்து அதே வழியாத்தான்.”

கூடத்தில் ஒரு திருப்தி பரவியது. நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பங்காளி தரையைப் பார்த்தான். எல்லாரும் எழுந்து சாப்பிடப் போயிருக்கலாம், அக்கா சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பெரியவருக்கு ஜெயித்தது போதவில்லை. பங்காளி பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“எல்லார் காதுலயும் விழறாப்போலச் சொல்லு. நீ கடல் தாண்டினியா?”

அத்திம்பேர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் அப்பா பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தாண்டினேன்ப்பா. ஒரு தடவை தூங்கிண்டு. ஒரு தடவை முழிச்சிண்டு.”

முழுக் கதையையும் சொன்னார். ரயில், கப்பல், காபி எதையும் விடவில்லை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பெரியவர் கை சங்கிலியிலேயே இருந்தது. எனக்கு அத்திம்பேர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. உலகத்தில் உள்ள கூடாதுகளில் எல்லாம் சந்து கண்டுபிடித்த மனுஷன் இந்த ஒரு கேள்வியில் கண்டுபிடித்திருக்கக் கூடாதா?

கடைசியில் வாயைத் திறந்தவன் பங்காளிதான். இத்தனை வருஷம் இதற்காகத் தண்டால் எடுத்தவன், என்ன தோன்றியதோ, எழுந்து நின்று பேசினான்.

“தூங்கிண்டு போனது கணக்கில்லை அண்ணா. தெரியாம நடந்தது. திரும்பினதுக்கும் தோஷமில்லை. வேற வழி இருந்தாத்தானே?”

பெரியவர் நிமிர்ந்தார். எல்லாரும் அத்திம்பேரைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தத் தோள் அவருக்கு உண்டு.

“வழி இருந்ததுடா” என்றார் அத்திம்பேர். “அந்தத் தீவுலயே இருந்திருக்கலாம். பெருமாளை மறுபடி தூக்கணும்னுதான் தாண்டினேன்.”